ஏர் ப்யூரிஃபயர் வாங்கினால் தில்லிக் குளிர்காலத்தைச் சமாளித்துவிடலாமா? அதை எப்படிப் பயன்படுத்துவது, பராமரிப்பது?

நவம்பரில் தில்லிக்கு மாற்றலாகி வருகிறீர்கள் என்றும், வீட்டில் நாலு வயதுக் குழந்தையும் ஆஸ்துமா உள்ள அம்மாவும் இருப்பதால் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தில்லியின் மயூர் விகார் பகுதியில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்குங்கள், ஆனால் வீடு முழுவதற்கும் என்று எண்ணாமல், குழந்தையும் அம்மாவும் உறங்கும் அறைக்கென்று வாங்குங்கள். ஹாலின் நடுவே ஒன்றை வைத்து, எல்லாக் கதவுகளையும் திறந்துபோட்டு, மூன்று அறைகளும் சுத்தமாகும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் பிற்பாடு இந்த இயந்திரமே ஏமாற்று என்று சொல்லித் திரிகிறார்கள்.

இங்கே நமக்குப் பகை பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்கள். இந்தியத் தர அளவின்படி 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார அமைப்பு 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலோ 15 என்கிறது. 250ஐத் தாண்டினால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைக் கடைசிப் படியான 'தீவிர' நிலையில் சேர்க்கும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வைக்கோல் எரியும் நாட்களிலும், தீபாவளியை ஒட்டியும், பனிமூட்டம் அசையாமல் நிற்கும் நாட்களிலும் தில்லி அந்த எல்லையைத் தாண்டுவது புதிதல்ல.

வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட சதுர அடிக் கணக்கை நம்பாமல், சி.ஏ.டி.ஆர். என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை அந்த இயந்திரம் தருகிறது என்பதே அந்த எண். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 41 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறை வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டுமானால் 205 வேண்டும். ஆனால் அச்சிட்டிருக்கும் எண் உச்ச வேகத்துக்கு உரியது. அந்த இரைச்சலில் குழந்தை உறங்காது என்று இரவில் ஸ்லீப் நிலைக்கு மாற்றினால் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். ஆகவே, இத்தகைய அறைக்கு 350க்குக் குறையாத இயந்திரமாக வாங்கி நடுத்தர வேகத்தில் ஓடவிடுவதே சரியாக வரும். வடிகட்டி, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வகையில் எச்13 தரமாக இருக்கட்டும். மிகக் கடினமாகப் பிடிபடும் அளவிலுள்ள துகள்களில்கூட 99.95 சதவீதத்தை அது தடுக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. அயனி விடும் பொத்தான் இருந்தால் அதை அணைத்தே வையுங்கள். அத்தகைய அமைப்புகள் சிலவற்றில் ஓசோன் உண்டாகும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஓசோன் ஆகாது.

இயந்திரத்தைவிட அறைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். தில்லி அடுக்ககங்களில் அலுமினிய நகரும் ஜன்னல்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி, ஏ.சி. குழாய்க்காகச் சுவரில் போட்டு அப்படியே விட்ட துளை, குளியலறையில் எக்ஸாஸ்ட் விசிறிக்காக வெட்டிய வட்டம் என்று வெளிக்காற்றுக்கு வழிகள் ஏராளம். இவற்றை அடைக்காமல் இயந்திரத்தை ஓட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டும் ஃபோம் பட்டை இரண்டு சுருளும், கதவடியில் பொருத்தும் ரப்பர் பட்டையும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இயந்திரத்தைக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் செருகாமல், திரைச்சீலையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி, காற்று இழுக்கும் பக்கம் திறந்திருக்குமாறு வையுங்கள். ஸ்பிளிட் ஏ.சி. ஓடினால் அதற்கு இடைஞ்சல் இல்லை, அது அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றவிடுகிறது, ஆனால் ஏ.சி.யின் வலை நுண்துகளைப் பிடிக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அடைத்துவிட்ட அறைக்கு வேறொரு சிக்கல் உண்டு. சுத்திகரிப்பான் துகளை நீக்குமே தவிர கார்பன் டை ஆக்சைடை நீக்காது. மூன்று பேர் உறங்கும் மூடிய அறையில் விடிவதற்குள் அது 2000 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2000 பங்கைத் தாண்டுவது சாதாரணம், காலையில் தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே தினமும் ஒரு முறையாவது ஜன்னலைத் திறந்தாக வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. ஊரில் பழகியபடி விடியற்காலையில் திறந்துவிடாதீர்கள், தில்லிக் குளிரில் அந்த நேரத்துக் காற்றில்தான் மாசு அதிகம். இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையைத் தன்னுள்ளேயே அடைத்து வைத்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடானபின் அது மேலெழுந்து கலையும். ஆகையால் பிற்பகல் ஒன்றிலிருந்து நாலு மணிக்குள் கால் மணி நேரம் திறந்துவிட்டு, மூடியபின் இயந்திரத்தை உச்ச வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். குளிருக்கு அங்கீட்டி எனப்படும் கரிக் கணப்பை மூட்டி அறையைச் சாத்திக்கொண்டு படுக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது, அதனால் மரணங்களும் நேர்கின்றன. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை எந்தச் சுத்திகரிப்பானும் பிடிக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளேயே உண்டாகும் புகையைப் பற்றிச் சொல்வதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அம்மாவின் மனத்தை நோகடிக்கும் விஷயம் அது. அகர்பத்தியும் சாம்பிராணியும் மூடிய வீட்டில் துகள் அளவை விறுவிறுவென்று ஏற்றிவிடும். குளிர்காலம் முடியும்வரை பூஜைக்குப் பூவும் விளக்கும் மட்டும் போதும் என்று பேசிப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள் அறவே வேண்டாம்: ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்கு ஈடான நுண்துகள் வெளிப்படும் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சமையலறையில் காய்ந்த மிளகாய் தாளிக்கும் நேரத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, சிம்னியையோ எக்ஸாஸ்டையோ போடுங்கள். எண்ணெய் ஆவி வடிகட்டியில் படிந்துவிட்டால் அந்தச் சிக்கு வாடை பிறகு போகவே போகாது. சுத்திகரிப்பானைச் சமையலறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

திரையில் தெரியும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான இயந்திரங்கள் காட்டுவது பி.எம். 2.5 மைக்ரோகிராம் அளவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி காட்டுவது ஏ.க்யூ.ஐ. எனப்படும் காற்றுத் தரக் குறியீடு. இரண்டும் வேறு. இந்திய அளவுகோலில் 90 மைக்ரோகிராம் என்றால் ஏ.க்யூ.ஐ. 200. சில இயந்திரங்களில் 75 வரைக்கும் பச்சை விளக்கே எரிவதால், நிறத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அல்ட்ராசானிக் ஈரப்பதமூட்டியை அதே அறையில் வைத்துக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், அதிலுள்ள உப்புகள் துகளாகப் பறந்து எண் திடீரென்று ஏறும். பழுது என்று பயந்து சர்வீஸுக்கு அழைப்பவர்கள் உண்டு.

இனி பராமரிப்பு. முதல் நாளே வடிகட்டியை வெளியே எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பொருத்துங்கள். நகைப்பாகத் தோன்றலாம், உறையோடு மாதக்கணக்கில் ஓட்டியவர்களை நான் அறிவேன். வெளிப்புற வலையில் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம் படியும், முடியும் துணி நூலும் அதில் சிக்கியிருக்கும். அதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சலாம், கழுவவும் செய்யலாம். கழுவினால் ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்தபின் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பாவை மட்டும் ஒருபோதும் தண்ணீரில் காட்டாதீர்கள். அதன் இழைகளும், அவற்றில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டமும் நீர் பட்டால் கெடும். வெயிலில் தட்டி எடுப்பதும் பிடித்த தூசியைத் திரும்ப வீட்டுக்குள் விடுவதாகவே முடியும். துகள் உணரியின் சிறு மூடியைத் திறந்து, அதன் கண்ணாடியை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துடைத்தால் போதும்.

ஹெப்பா அடைபடும்போது துகளைப் பிடிக்கும் திறன் குறைவதைவிட, அதன் வழியாகப் போகும் காற்றின் அளவுதான் குறைகிறது. இயந்திரம் வழக்கம்போல் ஓடும், இரைச்சலும் இருக்கும், அறை மட்டும் சுத்தமாகாது. மாற்றும் நாளைச் சொல்லும் விளக்கு பல மாடல்களில் ஓடிய மணி நேரத்தைத்தான் எண்ணுகிறது. சென்னையில் ஓடிய மணியும் தில்லி நவம்பரில் ஓடிய மணியும் அதற்கு ஒன்றே. ஆகவே புது வடிகட்டி போட்ட அன்று, கதவைச் சாத்தி உச்ச வேகத்தில் வைத்து, எண் பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். வெளியே ஏறத்தாழ அதே அளவு மாசு இருக்கும் இன்னொரு நாளில் மறுபடி பாருங்கள்; இரட்டிப்பு நேரம் பிடித்தால், விளக்கு என்ன சொன்னாலும் மாற்றிவிட வேண்டியதுதான். ஓராண்டு உழைக்கும் என்று எழுதியிருக்கும் வடிகட்டி இங்கே ஒரு குளிர்காலத்தோடு கருத்துவிடுவதுண்டு. இணையத்தில் மலிவாக வரும் மாற்று வடிகட்டிகளில் எல்லாமே மோசமல்ல. ஆனால் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டை மெலிதாகவோ, பொருத்தியபின் வடிகட்டி ஆடுவதாகவோ இருந்தால் வாங்காதீர்கள், காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மார்ச்சுக்குப் பின் தேவை குறையும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வீசும் ஆந்தி என்ற புழுதிக் காற்று நாட்களில் மட்டும் ஓட்டி, மறுநாளே வெளி வலையைச் சுத்தம் செய்யுங்கள். மழைக்காலத்தில் ஓட்டாமல் வைப்பதானால், வடிகட்டி ஈரம் இழுக்காதபடி உலர்ந்த பையில் கட்டி அலமாரியில் வையுங்கள். அடுத்த பருவத்துக்கான வடிகட்டியைச் செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள். தீபாவளி நெருங்கியதும் குறிப்பிட்ட மாடலுக்கு 'கையிருப்பு இல்லை' என்று வருவது இங்கே வாடிக்கை.