எத்தியோப்பியாவில் தத்தெடுத்த மகனை, அவனைப் பெற்ற குடும்பத்தைப் பார்க்க எப்படி அழைத்துப் போவது?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். எத்தியோப்பியாவில் தத்தெடுத்த மகனுக்கு 13 வயது. பெற்ற குடும்பத்தைப் பார்க்கவேண்டும் என்கிறான். எப்படித் தயாராவது?

பதில்: டிக்கெட் அப்புறம். முதலில் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, நீங்கள் வருவதில் அவர்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். இதற்கே சில மாதங்கள் ஆகும். 2018 ஜனவரியில் எத்தியோப்பிய நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தத்தைத் தடை செய்தது. அதோடு பல குழந்தைகள் இல்லங்களும் தத்து ஏஜென்சிகளும் மூடிவிட்டன. பழைய எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். பெத்தெசெப் ஃபெலெகா என்ற அமைப்பின் பதிவேட்டில் பிள்ளையைக் கொடுத்த குடும்பங்களும் பெயர் பதிந்திருக்கின்றன. முதலில் அங்கே பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த வட்டாரத்து மொழி தெரிந்த தேடுநர் ஒருவரை அனுப்பவேண்டும்.

அவருக்கு ஆதாரம் உங்களிடம் இருக்கும் நீதிமன்றத் தாள்கள்தான். அவற்றைப் படிக்கும்போது சில விஷயங்கள் குழப்பும். அங்கே குடும்பப்பெயர் கிடையாது. நம் இனிஷியலைப் போல அப்பா பெயர்தான், ஆனால் பின்னால் வரும். அதற்கும் பின்னால் தாத்தா பெயர். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. எனவே தாயின் இரண்டாம் பெயரும் பிள்ளையின் இரண்டாம் பெயரும் வேறாக இருப்பது இயல்புதான். அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட 7 அல்லது 8 ஆண்டு பின்னால் ஓடும், அதில் 13 மாதம். பிறந்த தேதியை மாற்றாமலே எழுதியிருந்தால் வயதே தப்பாகிவிடும். ஊர் முகவரியில் கெபெலே (ஊர் அளவிலான சின்ன நிர்வாகப் பகுதி), வொரெடா (அதற்கு மேலுள்ள வட்டம்) இரண்டும் வேண்டும். பழைய தாளில் இருக்கும் தென்மாநிலம் 2023-இல் பிரிந்துவிட்டது. அதிலிருந்த ஹொசானா நகரம் இப்போது மத்திய எத்தியோப்பியா என்ற மாநிலத்தில், சோடோ நகரம் தெற்கு எத்தியோப்பியா என்ற மாநிலத்தில்.

சம்மதக் கையெழுத்து யாருடையது என்று கவனியுங்கள். மாமாவோ பாட்டியோ போட்டிருக்கலாம். தாய் இறந்துவிட்டதாக எழுதியிருந்து, அவர் உயிரோடு இருந்த சம்பவங்களும் உண்டு. இதைப் பையன் முன்னால் முதன்முதலாகக் கேட்கும் நிலை வரக்கூடாது. தேடுநரிடம் புகைப்படமும் அவர்கள் பேசும் வீடியோவும் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு டிஎன்ஏ சோதனை செய்து, முடிவு வந்தபின் கிளம்புங்கள்.

பல சந்திப்புகளைக் கலைப்பது இந்த மாதிரிக் கேள்விதான்: "இவன் எப்போது திரும்பி வருவான்? ஏன் இத்தனை நாள் ஒரு தகவலும் இல்லை?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின் 183-ஆம் பிரிவே, தத்துப்போன பிள்ளைக்குப் பெற்ற குடும்பத்தோடு உறவு தொடர்கிறது என்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அந்த உறவு அறுந்துவிடுகிறது. பிள்ளை படிக்கும், கடிதம் வரும், வளர்ந்தபின் நம்மைத் தாங்கும் என்று நம்பித்தான் பலர் கையெழுத்துப் போட்டார்கள். நீங்கள் ஒழுங்காக அனுப்பிய அறிக்கைகள் அலுவலகங்களில் தங்கிவிட்டு, குடும்பத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம். எனவே பையன் இல்லாமல், பெரியவர்கள் மட்டும் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒரு வீடியோ காலில் பேசிவிடுங்கள். அவன் எங்கே வாழ்வான், எவ்வளவுக்கு ஒருமுறை வர முடியும், எது முடியாது என்பதை அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடவேண்டும். உங்களால் காப்பாற்ற முடியாத ஒரு வாக்கைக்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர்கள் அவர்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கு அரசு அலுவல் மொழியான அம்ஹாரிக் மட்டும் தெரிந்தால் போதாது. தென்பகுதியில் ஊருக்கு ஊர் மொழி வேறு: ஹொசானாப் பக்கம் ஹதிய்யா, துராமேயில் கம்பாட்டா, சோடோவில் வொலாய்ட்டா. அம்ஹாரிக் சரியாக வராத பாட்டி வாயைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பார். உறவினரையோ, பழைய ஏஜென்சி ஆளையோ இந்த வேலைக்கு வைக்காதீர்கள். சங்கடமானதை மென்று விழுங்கிவிடுவார்கள். நேரம் குறிக்கும்போது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். அங்கே பகல் நம் 6 மணிக்குத் தொடங்குகிறது, "மூன்று மணி" என்றால் காலை 9.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவனுக்கு விசா வேண்டும், இல்லையென்றால் எத்தியோப்பிய வம்சாவளி அடையாள அட்டை. அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, ஆகவே அவனுடைய பழைய எத்தியோப்பிய பாஸ்போர்ட்டை நம்பிப் போகாதீர்கள். அடிஸ் அபாபாவில் மலேரியா இல்லை; 2,500 மீட்டருக்குக் கீழே உள்ள மற்ற இடங்களில் உண்டு. மாத்திரையும் தடுப்பூசியும் டாக்டரிடம் கேட்டு முன்பே ஆரம்பியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, கிராமத்து மண்சாலையில் வண்டி புதையும். பாதுகாப்பு நிலவரம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், கிளம்பும் வாரத்திலும் பாருங்கள்.

முதல் சந்திப்பை ஊரில் வைக்காதீர்கள். பக்கத்து நகரத்து ஹோட்டலில், நெருங்கிய நாலைந்து பேரோடு இரண்டு மணி நேரம் போதும். வாய்விட்டு அழுவார்கள், பையனை இறுகக் கட்டிக்கொள்வார்கள், முகம் முழுக்க முத்தமிடுவார்கள். இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லி, "கொஞ்சம் வெளியே போகலாம்" என்பதற்கு ஒரு சைகையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவன் அழவில்லை என்றால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று குடும்பத்துக்கும் சொல்லவேண்டும்.

மறுநாள் வீட்டுக்குப் போனால் கடன் வாங்கியாவது ஆடு வெட்டுவார்கள். விருந்துச் செலவை மொழிபெயர்ப்பாளர் வழியாக முன்னாலேயே மரியாதையாகக் கொடுத்துவிடுங்கள். காபிக் கொட்டையைக் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையைக் கையால் உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். மூன்று சுற்றுக் காபி வரும்; முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதையில்லை. அம்மா கையால் ஒரு கவளம் ஊட்டுவார், வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தென்பகுதியில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் அதிகம், ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிப்பார்கள்.

பணக்கட்டை ஊர் முன்னால் நீட்டாதீர்கள். அப்பா வழிக்கும் அம்மா வழிக்கும் சண்டை மூட்டுவது பெரும்பாலும் அதுதான். உதவ விரும்பினால் தம்பி தங்கைகளின் பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டுங்கள். கையில் கொண்டுபோக காபிக் கொட்டை, சர்க்கரை, சோப்பு, 'கபி' (gabi) என்ற பருத்திப் போர்வை ஒன்று போதும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், வருஷத்துக்கு ஐந்தாறு படமாக லேமினேட் செய்த ஆல்பம், தாய்க்கு ஒன்று, தந்தை வீட்டுக்கு ஒன்று.

நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: தாத்தா பாட்டி பெயர்கள், உடன்பிறந்தவர்கள், குடும்பத்தில் சர்க்கரை, வலிப்பு, இதய நோய் உண்டா, பிறந்தபோது என்ன பெயர் வைத்தார்கள், யார் வைத்தார்கள். அவர்கள் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்யுங்கள். தொலைபேசி எண்ணைக் குறைந்தது இரண்டு பேரிடம் வாங்குங்கள், ஒருவர் போனில் டெலிகிராம் செயலி வைத்திருப்பவராக இருக்கட்டும். சிம் மாறிவிட்டால் ஒற்றை எண்ணோடு தொடர்பு போய்விடும்.