பத்து பாக்கெட்டில் எட்டு எடை குறைவு: புகார் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வாராவாரம் ஒரே கம்பெனியின் அரைக் கிலோ துவரம் பருப்பு பாக்கெட்தான் வாங்குகிறோம். பத்து வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தேன். கிராமில்: 497, 494, 501, 496, 498, 492, 502, 497, 495, 498. கடைக்காரரிடம் காட்டினால், "15 கிராம் வரைக்கும் குறையலாம்னு சட்டமே சொல்லுது சார்" என்கிறார். இது ஏமாற்றா, தற்செயலா?
(திருச்சி வாசகர்)

பதில்: முதலில், எழுதி வைத்ததற்குப் பாராட்டு. "எப்பவும் கம்மியாத்தான் இருக்கு" என்று வரும் கடிதத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. பத்து எண்களை வைத்து நிறையச் செய்யலாம்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகளின்படி, 500 கிராம் பாக்கெட் ஒன்றில் 3 சதவீதம், அதாவது 15 கிராம் வரை வித்தியாசம் இருக்கலாம். எந்த இயந்திரமும் எல்லா பாக்கெட்டையும் கிராம் சுத்தமாக நிரப்பாது என்பதால் அந்தச் சலுகை. அவர் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம்: ஆய்வாளர் பல பாக்கெட்டுகளை எடுத்து நிறுக்கும்போது சராசரி எடை அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. உங்கள் சராசரி 497.

சரி, கணக்குக்கு வருவோம். கம்பெனி நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பாக்கெட் 500க்கு மேலே போவதும் கீழே வருவதும் பூவா தலையா போலத்தான். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் 1,024 விதமாக விழலாம். அதில் எட்டோ அதற்கு மேலோ பூ விழுவது 45 + 10 + 1 = 56 விதம். நூற்றுக்கு ஐந்தரை. நேர்மையான பருப்பை நூறு வீட்டில் நிறுத்துப் பார்த்தாலும், ஐந்தாறு வீட்டில் உங்களுடையது போன்ற நோட்டு இருக்கும். இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் எத்தனை பாக்கெட் என்பதோடு எத்தனை கிராம் என்பதையும் பாருங்கள். உங்கள் எண்களின் திட்ட விலக்கம், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டும் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு, சுமார் 3 கிராம். அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சராசரி தற்செயலாக ஆடக்கூடியது ஏறக்குறைய 1 கிராம்தான் என்று தெரியும். உங்கள் சராசரியோ 3 கிராம் தள்ளி நிற்கிறது. இப்படித் தற்செயலாக நேர்வதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

அப்போ ஏமாற்றுதானா? பொறுங்கள், பத்தையும் நிறுத்தது ஒரே தராசு. அது 3 கிராம் குறைத்துக் காட்டினால் பத்தும் சேர்ந்தே குறையும். நூறு பாக்கெட் நிறுத்தாலும் அந்தப் பிழை போகாது. மேலே போட்ட கணக்குக்கு அது கண்ணிலேயே படாது. என் வீட்டுத் தராசில், மளிகைக் கடையில் இரவல் வாங்கிய முத்திரை குத்திய அரைக் கிலோ எடைக்கல்லை வைத்தபோது 496 காட்டியது. பேட்டரி மாற்றியதும் 499. நீங்களும் ஒரு கல்லை வைத்துப் பார்த்துவிடுங்கள். கவரோடு நிறுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கவரோடு என்றால் பருப்பு இன்னும் குறைவு.

அப்புறம், சந்தேகத்தைக் கிளப்பிய அதே பத்தையே சாட்சியாக்க வேண்டாம். சரிபார்த்த தராசில் புதிதாகப் பத்து பாக்கெட் நிறுங்கள், லேசாகத் தெரிவதைப் பொறுக்கி எடுக்காமல். இந்த முறை ஒன்பதோ பத்தோ குறைந்தால், அது 1,024இல் 11 விதம்தான், நூற்றுக்கு ஒன்று. அப்போது இரண்டு மூன்று பாக்கெட்டையாவது பிரிக்காமல் பில்லோடு வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவு ஆய்வு தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. அங்கும் எழுதிக் கொடுக்கலாம்.

கேள்வி: 100, 200 என்று ரவுண்டாகப் போடாமல் 110, 210 ரூபாய்க்குப் போட்டால் பெட்ரோல் பங்கில் ஏமாற்ற முடியாதாமே? இரண்டு முறை போட்டேன், மைலேஜ் கூடியிருக்கிறது.

பதில்: எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் மைலேஜ் இரண்டு முறையும் கூடுதலாக வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. டயர் காற்று, சிக்னல், பின்னால் யார் உட்கார்ந்தார் என்பதெல்லாம் வேறு அதை ஆட்டும். இதற்குக் கணக்கே வேண்டாம். பங்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அங்கேயே புகார் எழுதுங்கள்.