எஃப்எம் ரேடியோவுக்கு யார் முதலாளி? கொட்டேஷனிலிருந்தே தேடத் தொடங்கலாம்

கேள்வி: தக்கலையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் சேர்த்து மூன்று மாதம் விளம்பரம் தரச் சொல்லி ஒரு தனியார் எஃப்எம் ரேடியோவிலிருந்து வந்தார்கள். ரேட்டும் ஒத்துவருகிறது. ஆனால் வியாபாரிகள் சங்கத்தில் ஓர் அண்ணாச்சி, "அது இன்ன கட்சிக்காரன் ரேடியோவாக்கும், காசு கொடுத்தா உன் கடைக்கும் அந்த முத்திரை விழும்" என்கிறார். கொட்டேஷனில் ரேடியோவின் பெயர் இல்லை, வேறு ஏதோ கம்பெனி பெயர் இருக்கிறது. உண்மையான முதலாளி யார், கட்சித் தொடர்பு உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கொட்டேஷனில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேடலைத் தொடங்க அதைவிட நல்ல நுனி கிடைக்காது. ரேடியோவில் நாம் கேட்பது ஒரு வணிகப் பெயர் மட்டும்தான். லைசன்ஸ் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். திருநெல்வேலியிலிருந்து வரும் சூரியன் எஃப்எம், சன் டிவி நெட்வொர்க்கைச் சேர்ந்தது. ஹலோ எஃப்எம்மை நடத்துவது தினத்தந்தி குழுமத்தின் மலர் பப்ளிகேஷன்ஸ். ரேடியோ மிர்ச்சியின் பின்னால் டைம்ஸ் குழுமத்தின் என்டர்டெயின்மென்ட் நெட்வொர்க் இந்தியா இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆரல்வாய்மொழிப் பக்கம் 93.5 வைத்தால் தமிழ், கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் அதே 93.5 மலையாளம். நிலையம் வேறு, பெயர் வேறு, ஆனால் இரண்டும் சன் குழுமத்தோடு சேர்ந்தவை.

முதலில் அந்தக் கொட்டேஷனில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை எடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். இடமிருந்து ஆறாவதாக வரும் எழுத்துதான் நமக்கு முக்கியம். அது 'சி' என்றால் கம்பெனி, 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'டி' என்றால் டிரஸ்ட். வணிக எஃப்எம் லைசன்ஸ் கம்பெனிக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே அந்த இடத்தில் 'பி' இருந்தால் உங்களிடம் வந்தவர் ரேடியோ கம்பெனி அல்ல, இடையில் நிற்கும் விளம்பர ஏஜென்ட். ஏஜென்ட் என்பதில் தவறில்லை, ஆனால் அவர் எந்த நிலையத்துக்காக, எந்த அதிகாரத்தில் பேசுகிறார் என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டாலே சட்டப்படியான பெயர் காசில்லாமல் வந்துவிடும்.

கம்பெனி என்றால் அதன் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் 21 இடங்கள் கொண்ட சிஐஎன் என்ற கம்பெனி அடையாள எண் இருந்தாக வேண்டும், அது சட்டம். 'எல்' என்று தொடங்கினால் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி, 'யு' என்றால் பட்டியலில் இல்லாதது. பட்டியலான கம்பெனி என்றால் வேலை மிக எளிது. யார் எத்தனை சதவீதம் வைத்திருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தைத் தளங்களில் போட்டுத்தான் ஆக வேண்டும். சன் டிவி நெட்வொர்க்கில் கலாநிதி மாறனுக்கு 75 சதவீதம் என்பது அப்படி எல்லோரும் பார்க்கக்கூடிய தகவல்.

'யு' என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்துக்குப் போக வேண்டும். இயக்குநர்கள் பெயர் இலவசமாகவே தெரியும். ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து படிக்கலாம். எம்ஜிடி-7 என்ற ஆண்டு அறிக்கையில் பங்குதாரர் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் ஆள் பெயருக்குப் பதில் இன்னொரு கம்பெனியின் பெயர் நின்றால் சோர்ந்துவிடாதீர்கள். பென்-2 என்ற படிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு கம்பெனிகள் வழியாகச் சுற்றி 10 சதவீதமோ அதற்கு மேலோ அனுபவிக்கும் மனிதர் யார் என்பதை அதில் சொல்ல வேண்டும். என் வேலையில் நான் பார்த்தவரை, பலர் இயக்குநர் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். இயக்குநர் சம்பளத்துக்கு வைத்த ஆளாகவும் இருக்கலாம். முதலாளியைப் பங்குதாரர் பட்டியலில்தான் தேட வேண்டும்.

இனி அண்ணாச்சி சொன்னதற்கு வருவோம். ஒரு கட்சி நேரடியாக எஃப்எம் நிலையம் நடத்த முடியாது. தனியார் எஃப்எம் கொள்கைப்படி அரசியல் அமைப்போடும் மத அமைப்போடும் தொடர்புள்ள கம்பெனிகளுக்கு லைசன்ஸ் ஏலத்தில் இடமில்லை. டிரஸ்டும் விளம்பர ஏஜென்சியும்கூட ஏலம் கேட்க முடியாது. ஆனால் கட்சிக்காரரின் அண்ணனோ மகனோ கம்பெனி வைப்பதை யாரும் தடுக்கவில்லை. நம் ஊரில் 'கட்சி ரேடியோ' என்ற பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இந்த உறவு முறையை வைத்துத்தான்.

உறவு பொய்யல்ல. கலாநிதி மாறனின் தம்பி தயாநிதி மாறன் திமுக எம்பி, அப்பா முரசொலி மாறன் மத்திய அமைச்சராக இருந்தவர். தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் தமிழகச் சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் அமைச்சராகவும் இருந்தார். திருவனந்தபுரத்தில் கிளப் எஃப்எம் நடத்தும் மாத்ருபூமியின் நிர்வாக இயக்குநர் எம்.வி. ஸ்ரேயாம்ஸ் குமார், கல்பற்றா தொகுதியின் முன்னாள் எம்எல்ஏ. டிவியில் என்றால் நம் அகஸ்தீஸ்வரத்து எச். வசந்தகுமாரே இருந்தார். வசந்த் டிவி தொடங்கியவர், கன்னியாகுமரி எம்பியாகவும் ஆனார். அவரை யாரும் மறைமுக முதலாளி என்று சொன்னதில்லை, கடைப் பெயரும் சேனல் பெயரும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் உறவை வைத்து நிலையத்தின் சாய்வை முடிவு செய்வது ஆபத்து. 2007 மே மாதம் தினகரன் நாளிதழில் வந்த ஒரு கருத்துக்கணிப்பு மாறன் குடும்பத்தையும் திமுக தலைமையையும் பிரித்தது. தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார், அதே ஆண்டு கலைஞர் டிவி தொடங்கியது, 2008 கடைசியில் சமாதானம் ஆனது. 2025 ஜூனில் தம்பி அண்ணனுக்குப் பங்கு விவகாரத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் செய்தியானது. கம்பெனி அந்தப் புகாரை மறுத்தது. ரத்த உறவு அப்படியே இருக்க, நடுவில் அரசியல் எத்தனை முறை திரும்பியிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று: வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் அவருடையதும் மனைவி அல்லது கணவருடையதும் இந்து கூட்டுக் குடும்பத்தினுடையதும் அவரைச் சார்ந்து வாழ்பவர்களுடையதும் மட்டுமே சொத்துக் கணக்கில் வரும். தனியாகச் சம்பாதிக்கும் அண்ணனின் பங்கு அதில் வராது. அதனால் பிரமாணப் பத்திரத்தில் ரேடியோ பெயர் இல்லை என்பதால் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கம்பெனி எந்தக் கட்சிக்காவது நன்கொடை கொடுத்ததா என்பதற்குக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும் பட்டியலைப் பாருங்கள். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகள் அதில் பெயரோடு வரும். தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பிறகு, யார் வாங்கினார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்ற விவரமும் ஆணையத்தின் தளத்தில் வெளியானது.

முதலாளியின் அரசியல் நமக்கெதற்கு என்று முழுக்க ஒதுக்கவும் முடியாது. 2015-ல் மத்திய உள்துறை சன் குழும ரேடியோ கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்தது. மூன்றாம் கட்ட எஃப்எம் ஏலத்தில் நுழையவே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது, சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடுதான் கலந்துகொண்டார்கள். டெல்லியில் காற்று மாறினால் நிலையத்தின் லைசன்ஸே கேள்விக்குள்ளாகலாம். மூன்று மாத ஒப்பந்தத்துக்கு இது பெரிய ஆபத்தல்ல. யாராவது மூன்று வருடத்துக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் யோசியுங்கள்.

காகிதம் சொல்வது இவ்வளவுதான். மீதியை நீங்கள்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஒரு வார்த்தை மாற்றாமல் போடலாம், அவ்வளவே. எனவே சாய்வு இருந்தால் அது செய்தியில் தெரியாது. ஆர்ஜேயின் பேச்சில், தலைவரின் பிறந்தநாள் வாழ்த்தில், யாரைப் பேட்டிக்கு அழைக்கிறார்கள், எந்த ஊர்ப் பிரச்சினையைத் தொடவே மாட்டார்கள் என்பதில் தெரியும். ஒரு வாரம் கடையில் அந்த நிலையத்தையே ஓடவிடுங்கள். காலையில் கடை திறந்ததும் ஒரு மணி நேரம், மாலையில் கூட்டம் வரும் ஒரு மணி நேரம் கவனித்தால் போதும். கட்சி விளம்பரம் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அது காசுக்குப் போடும் விளம்பரம்தான். தேர்தல் காலத்தில் அதற்கு முன்கூட்டியே ஆணையத்தின் சான்றும் வேண்டும், மாவட்ட அளவில் அதைப் பார்ப்பது கலெக்டர் தலைமையிலான குழு.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பாத்திரம் வாங்க வருகிறவர்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் வருகிறார்கள், பாட்டுக்கு நடுவில் வரும் பத்து விநாடி விளம்பர ஸ்பாட்டை வைத்து யாரும் கடைக்கு முத்திரை குத்துவதில்லை. முத்திரை விழுவது வேறு இடத்தில். தலைவர் பிறந்தநாள் நிகழ்ச்சிக்கு 'வழங்குவோர்' என்று உங்கள் கடைப் பெயர் வந்தால், அதை மாவட்டமே நினைவு வைத்திருக்கும். சலுகை என்று சொல்லி அதைச் சேர்த்துத் தந்தாலும் வாங்காதீர்கள். ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள்: உங்கள் ஸ்பாட் அரசியல் விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் ஒட்டி வரக்கூடாது, எந்த நிகழ்ச்சியோடும் உங்கள் சம்மதமில்லாமல் கடைப் பெயரைச் சேர்க்கக் கூடாது, மாதம் முடிந்ததும் எந்த நாள் எந்த நேரம் ஒலிபரப்பானது என்ற சான்று தர வேண்டும். பணத்தை லைசன்ஸ் வைத்திருக்கும் கம்பெனியின் கணக்குக்கே அனுப்புங்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளரை வாழ்த்தி உங்கள் செலவில் விளம்பரம் போடச் சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். வேட்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வது உங்கள்மேல் வழக்காக வரும்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலுக்கு 1984 முதல் ஆகாசவாணி உண்டு, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமே அதுதான். தனியார் எஃப்எம் ஏலத்துக்காக மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த 234 ஊர்களில் நாகர்கோவிலும் இருக்கிறது. "உள்ளூர் எஃப்எம் வரப்போகிறது, பங்கு சேருங்கள்" என்றோ "தொடக்கச் சலுகை விளம்பரம்" என்றோ யாராவது வந்தால், அலைவரிசை எண்ணையும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தந்த அனுமதியின் நகலையும் கேளுங்கள். செல்போன் செயலியில் மட்டும் ஓடுவது எஃப்எம் நிலையம் ஆகாது. சந்தேகம் தீரவில்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் அந்த அமைச்சகத்துக்கே தகவல் உரிமை மனு போடலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஓணத்துக்கு முன்பே பதில் கையில் இருக்க வேண்டுமென்றால் மனுவை இப்போதே அனுப்பிவிடுங்கள்.