வாசகர் கேள்வி: ரஸ்தாளி மட்டும் ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: எங்கள் லயத்து வீட்டின் பின்புறத்தில் ரஸ்தாளி வாழை வைத்திருக்கிறோம். கீழ் இலைகள் மஞ்சளாகி, மட்டை ஒடிந்து தொங்கி, ஒவ்வொரு மரமாகப் பட்டுப்போகிறது. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்த கன்றும் அப்படியே போயிற்று. பாசார் மாலாமில் மாஸ், பெராங்கான், ரஸ்தாளி என்று இத்தனை வகைப் பழங்கள் குவிந்திருக்க, வாழையில் மரபணு வேறுபாடு குறைவு என்கிறார்களே, அது எப்படி?
— வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: இரகத்துக்கு இரகம் வேறுபாடு நிறையவே உண்டு, ஓர் இரகத்துக்குள்தான் அது ஏறக்குறைய இல்லை. நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பல்பிசியானா என்னும் இரு காட்டு இனங்களின் வழிவந்தவை. முன்னதன் மரபுத்தொகுதியை, அதாவது மரபணுக்களின் முழுத் தொகுப்பை, ஏ என்றும் பின்னதன் தொகுதியை பி என்றும் குறிப்பர். அவ்வகையில் மாஸ் ஏஏ, பெராங்கான் ஏஏஏ, ரஸ்தாளி ஏஏபி, கர்ப்பூரவல்லி ஏபிபி. மூன்று தொகுதிகளும் 33 குரோமோசோம்களும் உடைய இரகங்களில் அவை சரிபாதியாகப் பிரிய இயலாததால் விதை பிடிப்பதில்லை. கன்றைப் பிரித்து நட்டே பெருக்குகிறோம். பக்கத்து வீட்டுக் கன்று வேறு மரத்தின் கன்று என்று நீங்கள் எண்ணியது இயல்பே. ஆயினும், திருச்சியில் குலை தள்ளும் ரஸ்தாளியும் உங்கள் ரஸ்தாளியும், இடையிடையே தோன்றிய சிறு திரிபுகளைத் தவிர்த்தால், மரபணு அளவில் ஒரே மரம்தான். ஆகவே ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும்.

மத்திய அமெரிக்கப் பெருந்தோட்டங்களில் க்ரோ மிஷேல் இரகம், மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோயால் அழிந்தது இவ்வாறுதான். அதற்கு மாற்றாக 1950களிலும் 1960களிலும் பரவிய கேவண்டிஷும் தனக்குள் வேறுபாடு மிகக் குறைந்த ஒரே குடும்பத்து வாழையே. முதல் அடிக்குப் பின்னும் இப்படித் துணிந்தார்களே என்று வியக்கத்தான் வேண்டியிருக்கிறது. கேவண்டிஷை வீழ்த்தும், அதே வாடல் நோய்ப் பூஞ்சையின் டிஆர்4 என்னும் வகை 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பெருந்தோட்டங்களைத் தாக்கியது. 2019இல் கொலம்பியாவிலும் உறுதிசெய்யப்பட்டது.

எதிர்ப்பு மரபணுக்கள் காட்டு வாழைகளில் இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவில் வளரும், மூசா அக்குமினாட்டாவின் மலாக்கென்சிஸ் என்னும் துணையினத்தின் பழத்தைப் பிளந்தால் சதையைவிடக் கறுப்பு விதையே மிகுந்திருக்கும். நாம் அதைக் களையென வெட்டித் தள்ளுகிறோம். முழு மரபுத்தொகுதியும் முதன்முதலில் படித்தறியப்பட்ட வாழை, 2012இல் வெளியான ஆய்வின்படி, இத்துணையினத்தைச் சேர்ந்த 'பகாங்' வாழையின் வழிவந்தது. இதே துணையினத்திலிருந்து எடுத்த எதிர்ப்பு மரபணு ஒன்றை ஏற்றிய கேவண்டிஷுக்கு ஆஸ்திரேலியா 2024இல் அனுமதி அளித்தது.

இனி உங்கள் கொல்லைக்கு வருவோம். பட்டுப்போன மரத்தின் தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு வளையங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் வாடல் நோய் என்று ஐயுறலாம். காயின் உட்புறமும் சிவந்து அழுகியிருந்தால் அது பாக்டீரியா நோயாக இருக்கலாம். எதுவாயினும் மாவட்ட வேளாண்மை அலுவலரை வரவழைத்துக் காட்டி, அவர் சொல்லும் மாற்று இரகத்தை நடுங்கள். வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால் அதே இடத்தில் ரஸ்தாளி வேண்டாம். திசு வளர்ப்புக் கன்று நோயின்றி வந்தாலும் அந்த மண்ணில் அதற்கும் நோய் பற்றும். வெட்டிய பாராங்கையும் மண்வெட்டியையும் நன்கு கழுவாமல் அடுத்த வாழைக்குக் கொண்டு செல்லாதீர்கள்.