பாட்டு வந்ததும் எழுந்துபோகும் மகனுக்கு

வணக்கம். முன்பு ரசித்த பழைய படங்களை மறுபடி போட்டால், பாட்டு வந்ததுமே மகன் எழுந்து போய்விடுவதாக எழுதியிருந்தீர்கள். எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தைப் போட்டுப் பாருங்கள்; அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. போர்க்காலச் சென்னையில், தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாய்ந்துவிட, சுட்டவர் யாராக இருக்கும் என்று மனைவி, தம்பி, அண்டைவீட்டார் என ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்லச் சொல்ல, கொலைக் காட்சியே வெவ்வேறு விதமாக விரிகிறது. ஏற்கெனவே பார்த்திருந்தால், இம்முறை மனைவியாக வரும் பண்டரிபாயின் முகத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். முடிவு தெரிந்தவருக்கே அந்த அடக்கமான நடிப்பு முழுதாகப் புலப்படும். மகனிடம் மட்டும் வாய்தவறி எதையும் சொல்லிவிடாதீர்கள்.