மாணவர்களோடு ஒரே தட்டில்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி கிடைத்து, அடுத்த மாதம் புறப்படவிருக்கிறேன். அங்கே மாணவர்கள் ஆசிரியரையும் சாப்பிட அழைப்பார்கள், எல்லோரும் ஒரே தட்டில் உண்பார்கள், வாயில் ஊட்டியும் விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் புலால் உண்பதில்லை. ஒருவர் எச்சில் இன்னொருவருக்கு ஆகாது என்று வளர்ந்தவள். "வாத்தியாரம்மா என்றால் கொஞ்சம் தள்ளி நில்" என்கிறார் அம்மா. நீங்கள் அங்கே கற்பித்தவர் என்பதால் கேட்கிறேன், சேர்ந்து சாப்பிட்டால் ஆசிரியருக்குரிய மதிப்பு குறையுமா?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

மதிப்பு குறையாது. அழைத்தால் தயங்காமல் போய் உட்காருங்கள்.

முதலில் எச்சில் பற்றிய தயக்கம். அங்கே அந்த ஒரே தட்டில் இருப்பது இஞ்சிரா. டெஃப் என்பது கேழ்வரகைவிடப் பொடியான தானியம். அதன் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அகலமான கல்லில் ஒருபுறம் மட்டும் வேகவிட்டு எடுப்பதுதான் இஞ்சிரா. தட்டு முழுவதும் அதை விரித்து, அதன்மேலேயே குழம்பு வகைகளை ஊற்றுவார்கள். எல்லோரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து வலக்கையால் கிழித்து, குழம்போடு சுருட்டி ஒரே வாயாக உண்பார்கள். கடித்த மிச்சம் தட்டுக்குத் திரும்புவதில்லை. விரலை நக்குவது அநாகரிகம். நம் வீடுகளில் பார்க்கும் அதே சுத்தம் அங்கும் உண்டு. மரியாதைக்குரியவருக்கு ஒரு கவளத்தைச் சுருட்டி வாயில் ஊட்டுவதைக் குர்ஷா என்பார்கள். உங்கள் மாணவி அப்படிக் கையை நீட்டும்போது முகத்தைத் திருப்பிவிடாதீர்கள். அவள் தரும் மரியாதையை ஏற்றுக்கொள்ள வேறு வழி கிடையாது.

புலால் உண்ணாதவருக்கு அந்த நாடு எளிது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்களிலும், வேறு பல நோன்புக் காலங்களிலும் இறைச்சி, முட்டை, பால், நெய் எதையும் தொடுவதில்லை. கடலைமாவில் செய்யும் ஷிரோ, மைசூர்ப் பருப்புக் குழம்பு, கீரை ஆகியவைதான் அன்றைய உணவு. நோன்பு உணவு போதும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அங்கே கிறிஸ்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிம்களும், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் உண்பதில்லை. நோன்பு உணவில் அந்தத் தடை எழுவதில்லை. ஆகவே உங்களுக்காக வரவழைக்கும் தட்டைச் சுற்றி வகுப்பு முழுவதும் உட்காரலாம்.

ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இதைவிட முக்கியமானது மொழி. வகுப்பில் தவறாகப் பேசிவிடுவோமோ என்று வாயே திறக்காத மாணவர்கள் தட்டின் முன்னால் பேசுவார்கள், ஏனென்றால் அங்கே தெரிந்தவர்கள் அவர்கள், தெரியாதவர் நீங்கள். கடைசி வரிசையில் தலைகுனிந்தே இருந்த ஒரு மாணவனிடம், மாவு பதமாகிவிட்டது என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சாப்பிடும்போது கேட்டேன். மாவு கீழே படியும், மேலே கறுத்த நீர் தெளிந்து நிற்கும், அம்மா அதை முகர்ந்து பார்ப்பார், பிறகு அந்த நீரை இறுத்துவிட்டுக் கொஞ்சத்தை அடுத்த முறைக்கு எடுத்துவைப்பார் என்று, கைகளால் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டியபடி, நிறுத்தாமல் ஆங்கிலத்தில் சொன்னான். சொல் கிடைக்காத இடத்தில் பக்கத்திலிருந்தவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். முதலில், பிறகு, கடைசியில் என்று அடுக்கிச் சொல்வதற்கு நான் கரும்பலகையில் எழுதிய பயிற்சிகள் அனைத்தையும்விட அந்தப் பேச்சு அவனுக்குப் பயன்பட்டது. அப்போது பிழை திருத்தாதீர்கள். மனத்தில் குறித்துக்கொண்டு, யார் சொன்னது என்று சொல்லாமல் மறுநாள் வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

செலவை மட்டும் கவனியுங்கள். அரசுப் பல்கலைக்கழக விடுதி உணவுக்கான தொகையை மாணவர்கள் வேலைக்குப் போனபின் திருப்பிக் கட்டவேண்டியிருக்கும். கைப்பணம் அவர்களிடம் குறைவு. விருந்தினரைப் பணம் கொடுக்க விடமாட்டார்கள் என்பதால், அடுத்த முறை அழைப்பு உங்களுடையதாக இருக்கட்டும். தேர்வு நெருங்கும்போது தனியொரு மாணவரின் அழைப்பை ஏற்காதீர்கள்.

உங்கள் அம்மா சொன்னதற்கும் ஒரு வார்த்தை. தள்ளி நிற்பதை மரியாதை என்று நம் கொங்கு நாட்டில் வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யார் சமைத்ததை யார் உண்பது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. 2018 இல் அவிநாசி அருகே அரசுப் பள்ளியொன்றில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்து, கண்டனம் எழுந்தபின் அந்த ஆணையை விலக்கினார்கள். உங்கள் அம்மா அந்த எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், மகளைப் பற்றிய கவலையில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தப் பழக்கத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு இன்னொரு நாட்டு வகுப்பறைக்குப் போகவேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

துவரம்பருப்பும் சீரகமும் மிளகும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெங்காயமும் பூண்டும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஒரு புதன்கிழமை, நெய் விடாமல் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, ஒரே பெரிய தட்டில் கொட்டி எல்லோரையும் அழையுங்கள். அதை எப்படிச் செய்தீர்கள் என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள்.