மூன்று வருட ‘சப்போர்ட் பேக்கேஜ்’: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. திருச்சியில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்வான், எழுதச் சொன்னால் அழுகிறான். உளவியல் நிபுணர் ஒருவர் பரிசோதித்து, டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். பள்ளியில் ‘சப்போர்ட் பேக்கேஜ்’ என்று வருடத்துக்கு 96,000 ரூபாய் கேட்கிறார்கள். மூன்று வருடத்துக்கும் இப்போதே கட்டினால் 2,40,000 போதுமாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறப்பாசிரியர் 45 நிமிட வகுப்புக்கு 500 ரூபாய் வாங்குகிறார். கணவரின் சம்பளம் 62,000. வங்கி டெபாசிட்டில் 1,80,000 இருக்கிறது. நகையை வைத்து மூன்று வருடப் பணத்தையும் கட்டிவிடலாமா? பள்ளி கொடுத்த தாளையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, திருச்சி

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பிள்ளைக்காக எதையும் வைக்கத் தயாராக இருக்கும் உங்கள் மனது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இந்தக் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பள்ளியின் தாளைப் படித்தேன். வாரம் இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஒரு குழுவில் எட்டுப் பிள்ளைகள், வருடத்துக்கு 36 வாரம். ஆக மொத்தம் 48 மணி நேரம். 96,000-ஐ 48-ஆல் வகுத்தால் மணிக்கு 2,000 ரூபாய். அதுவும் எட்டில் ஒருவனாக உட்கார்வதற்கு. தள்ளுபடியைக் கழித்தாலும் மணிக்கு 1,667 ஆகிறது.

சிறப்பாசிரியரிடம் வாரம் மூன்று வகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை, தேர்வு, காய்ச்சல் எல்லாம் கழித்து 44 வாரம் என்றால் 132 வகுப்பு, 66,000 ரூபாய். அதில் 99 மணி நேரம் கிடைக்கிறது, அதுவும் அவனுக்கு மட்டும். மணிக்கு சுமார் 667 ரூபாய்.

தள்ளுபடிக் கணக்கையும் பாருங்கள். நகைக் கடனுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 2,40,000-க்கு வருடம் 28,800 ரூபாய். அசலை அடைக்காமல் இரண்டு வருடம் போனால் வட்டியே 57,600. பள்ளி தருகிற தள்ளுபடியோ 48,000. நடுவில் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் பணம் திரும்பி வருமா? அந்தத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் தாளில் என்னை உறுத்திய இன்னொரு விஷயம்: பேக்கேஜின் பலன்களில் ஒன்றாக ‘தேர்வில் கூடுதல் நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். அது விலைக்கு வாங்க வேண்டிய பொருளே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அதைச் சீக்கிரம் கண்டறிந்து, பிள்ளைக்கு ஏற்றபடி கற்பிக்க வழிசெய்ய வேண்டும் என்று அதன் 16-வது பிரிவு சொல்கிறது. பொதுத்தேர்வில் சிபிஎஸ்இ மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. சொல்வதை எழுதுபவரையும் அனுமதிக்கிறது.

பொதுத்தேர்வுச் சலுகைக்கு நம்பிக்கையான வழி அரசு மருத்துவமனைச் சான்றிதழ். தனியார் அறிக்கையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எட்டு வயது முடிந்தால்தான் சான்றிதழ் தருவார்கள், உங்கள் மகனுக்கு அந்த வயது ஆகிவிட்டது. அந்த அறிக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் விசாரியுங்கள். சான்றிதழுக்கான அரசு வழிகாட்டுதலின்படி 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதனை உண்டு. 14 என்பது ஏறக்குறைய ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் அதை விட்டுவிடாதீர்கள். நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும், கணவர் லீவு போட வேண்டியிருக்கும். இருந்தாலும் நீங்கள் செய்யப்போகும் செலவுகளிலேயே அதிகப் பலன் தருவது இந்த அலைச்சல்தான்.

சரி, அந்தச் சிறப்பாசிரியரை எப்படி எடைபோடுவது? இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்சிஐ-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அப்புறம் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மறுநாள் ஹோம்வொர்க்கை முடித்துக் கொடுத்தால் அது வெறும் ட்யூஷன். சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுத வைத்தால், நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் பேசுங்கள். இன்றைக்கு அவன் ஒரு பத்தி வாசிப்பதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தொடரலாமா என்பதை அதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பணம் எங்கிருந்து? 66,000 என்பது மாதத்துக்கு 5,500, சம்பளத்தில் ஒன்பது சதவீதம். அதைச் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள், டெபாசிட்டைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்பு முடிய இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இதே அளவு செலவு தொடர்ந்தால் நாலு லட்சத்தைத் தொடும். பெரும்பாலும் போகப் போகக் குறையும், ஆனால் அதை நம்பி முதல் வருடத்திலேயே கையைக் காலி செய்யக் கூடாது.

வருமான வரியில் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். சிறப்பாசிரியருக்குக் கொடுப்பது பள்ளிக் கட்டணத்துக்கான வரிக் கழிவில் வராது. மாற்றுத்திறனாளி பிள்ளையைப் பராமரிப்பதற்கான கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. அது கற்றல் குறைபாட்டுக்குக் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள், பட்ஜெட்டில் மட்டும் சேர்க்காதீர்கள். நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான்.

பள்ளியோடு சண்டை வேண்டாம். பேக்கேஜ் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வகுப்பாசிரியரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கரும்பலகையைப் பார்த்து முழுவதும் எழுதச் சொல்லக் கூடாது, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, வகுப்பில் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லக் கூடாது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சான்றிதழ் கைக்கு வரும்வரை அவன் அழாமல் பள்ளிக்குப் போக இவை உதவும்.